எட்டங்குலக் கல்லும் இரண்டேகால் கணக்கும்

தரைக்குக் கல் பதிக்கிற வீட்டில் எல்லாரும் குனிந்து பார்ப்பார்கள், எல்லாரும் யோசனை சொல்வார்கள், அளவு நாடாவின் அந்த முனையைப் பிடிக்க மட்டும் ஆள் கிடைக்காது. வீட்டுக்குக் கல் போட்டு அவஸ்தைப்பட்டவர்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. நீங்கள் ஒரு வீட்டோடு தப்பித்தீர்கள். எனக்கு அதுவே பிழைப்பு.

மலாயாவில் அரசாங்கம் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு மோதிக்கொண்டிருந்த அவசரகாலத்து வருஷங்கள். மலாக்கா டவுனில் ஆற்றோரமாக ஒரு சீனர் வைத்திருந்த கடையில் வேலை பார்த்தேன். சிமெண்டில் வார்த்துப் பூப்போட்ட தரைக்கல் விற்கிற கடை. கான்வென்ட்டில் ஜூனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்த ஒரு தமிழ்ப் பெண்ணை அந்தத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, ஏன் வேலைக்கு வைத்தார் என்றால், அவருடைய பழைய அளவுக்காரரைப் பாதி வீடுகளில் உள்ளே விடவில்லை. பகலில் ஆண்கள் ஆபீஸுக்குப் போய்விடுவார்கள். படுக்கையறையை அளக்க வேற்று ஆண் வந்து நின்றால் எந்தப் பெண் கதவைத் திறப்பாள்? ரப்பர் தோட்டங்களுக்குப் போகவோ, சாலையில் சுடுவார்கள் என்ற பயத்தில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. என் அப்பா மட்டும் எப்படி ஒத்துக்கொண்டார் என்று கேட்காதீர்கள். கடை லாரி ஓட்டிய சமாட் அபாங் (அபாங் என்றால் அண்ணன்) அப்பாவுக்கு நெடுநாள் சிநேகிதர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மலாய்க்காரர், எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். "பவுனு என் பொண்ணு மாதிரிலா," என்று என் பேரைச் சொல்லி அவர் சொன்ன ஒரு வார்த்தையில் அப்பா அனுப்பிவிட்டார்.

வேலை என்னவோ சின்ன வேலைதான். அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து பெருக்க வேண்டும். எங்கள் கல் எட்டங்குலச் சதுரம். ஒரு சதுர அடிக்கு இரண்டேகால் கல் பிடிக்கும். ஆகவே வந்ததை இரண்டேகாலால் பெருக்கி, உடைசலுக்கும் வெட்டுக்கும் பத்துக்கு ஒன்று கூட்டிச் சொல்ல வேண்டும். இதைத் தவுக்கே எனக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு கோப்பி குடிக்கிற நேரம்தான் ஆயிற்று. அந்த அறைக்குள் மனிதர்களும் இருப்பார்கள் என்பதை அவர் சொல்லவில்லை.

சாமியறை

முதன்முதலாக நான் தனியாக அளக்கப் போனது டவுனில் ஒரு குமாஸ்தா வீட்டுக்கு. அவர் மனைவி என்னைவிடக் கொஞ்சம் பெரியவர். அக்கா என்று கூப்பிட்டேன். கூடத்தையும் படுக்கையறையையும் அளந்து முடித்தேன். சாமியறை வாசலில் அக்கா கையை நீட்டி மறித்துவிட்டார். தலைக்குக் குளித்துவிட்டு வந்தாயா என்று கேட்டார். வந்தேன் என்றேன். கையில் இருப்பது என்ன என்றார். அளவு நாடா, துணி நாடா, தோல் உறைக்குள் சுருட்டியிருக்கும். "தோலா? தோலு உள்ள வரக்கூடாது!" என்றார். பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். நாடாவின் முனையை அக்கா பிடித்துக்கொண்டு உள்ளே போவது, உறையோடு நான் வெளியே நிற்பது.

அக்கா திரைக்குப் பின்னால் போனார். நாடா போனது. போய்க்கொண்டே இருந்தது. "சுவரைத் தொட்டுட்டீங்களாக்கா?" என்றேன். "தொட்டுட்டேன், தொட்டுட்டேன்," என்று பதில் வந்தது. பார்த்தால் பதினான்கு அடி! இரண்டு பேர் சேர்ந்து நின்றால் மூச்சு முட்டும் அறை அது. மறுபடியும் இழுத்தோம், மறுபடியும் பதினான்கு. திரையை விலக்கி எட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. சாமிக்கு முன்னால் குறுக்கே போகக்கூடாதாம். நாடாவோடு குத்துவிளக்கை வலம் வந்து, சாமி மேடையைச் சுற்றி, அதன் பிறகுதான் பின்சுவருக்குப் போயிருக்கிறார். நாடாவும் பக்தியோடு கூடவே சுற்றியிருக்கிறது. கடைசியில் வெளிப்பக்கமாகச் சுவரை அளந்து, சுவரின் பருமனைக் கழித்துக் கணக்குப் போட்டேன். ஆறுக்கு ஐந்துதான் வந்தது. அக்காவுக்கு மனசே ஆறவில்லை.

"சாமி இருக்கிற எடம், வெளிய பாத்தா சின்னதாத்தான் தெரியும். உள்ள பெருசு. நீ பதினாலுன்னே எழுதிக்கம்மா."

நேராக நின்ற வீடு

டுரியான் துங்காலில் பெருமாள் என்று ஒரு மளிகைக் கடை முதலாளி. கடைக்குப் பின்னால் வீடு. படுக்கையறைக்குக் கல் வேண்டும் என்றார். முன்சுவர் பன்னிரண்டு அடி. பின்சுவரை அளந்தால் பதினொன்றே முக்கால்கூட வரவில்லை. மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பார்த்தேன். நேரான அறையில் அந்த இரண்டு அளவும் ஒன்றாக வர வேண்டும். இங்கே ஒன்றுக்கொன்று அரையடி வித்தியாசம். அறை கோணல் என்று பயந்துகொண்டே சொன்னேன். கல்லை இப்படியே பதித்தால் கடைசி வரிசை ஒரு பக்கம் முழுக்கல்லாகவும் மறுபக்கம் பாதிக் கல்லாகவும் முடியும், கண்ணை உறுத்தும் என்றும் சொன்னேன்.

வீட்டைக் கட்டியவர் முதலாளி மனைவியின் அண்ணன் என்பது எனக்கு எப்படித் தெரியும்? முதலாளி ஒரு நிமிஷம் கோபப்பட்டார், அடுத்த நிமிஷம் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் பரவியதைப் பார்த்தேன். "அடியே, இங்க வா! உங்கண்ணன் கட்டுன லட்சணத்த வந்து பாரு! இந்தப் பொண்ணு சொல்லுது!" என்று சத்தம் போட்டார். கரண்டியோடு வந்த அம்மாள் என் நாடாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார். பழி யார் தலையில் விழும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"ஜப்பான்காரன் குண்டு போட்டப்பகூட நேரா நின்ன வீடு இது. நீ வந்து நாடாவ வச்ச கையோட கோணிப்போச்சே!"

கால் பூ

எங்கள் கடையில் அதிகம் விற்றது, நான்கு கல் சேர்ந்தால் ஒரு பூ ஆகிற தினுசு. பார்க்க அழகு. கணக்குப் போடுகிறவளுக்கு எமன். ஒரு பூவுக்குப் பதினாறு அங்குலம் வேண்டும். அறையின் நீளம் பதினாறில் மீதியில்லாமல் வகுபட்டால் புண்ணியம். படாவிட்டால் எங்காவது ஒரு சுவரோரம் பூவை வெட்டியாக வேண்டும்.

ஜாசினில் ஒரு வீடு. மாமியார், மருமகள் இரண்டு பேரும் நல்லவர்கள், தனித்தனியாகப் பேசினால். கூடம் பன்னிரண்டுக்குப் பதினைந்து. பன்னிரண்டடிக்கு ஒன்பது பூ, அச்சாக உட்கார்ந்தது. பதினைந்தடிக்குப் பதினொரு பூ போக நான்கு அங்குலம் மிச்சம். அதாவது கால் பூ. அதை வாசல் பக்கம் விடுவதா, பின்பக்கம் விடுவதா என்று கேட்டேன். வாசல் பக்கம் வேண்டாம், வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள் என்றார் மருமகள். பின்பக்கம் மாமியாருடைய பிரம்பு நாற்காலி கிடந்தது. "வெட்டுன பூ என் காலடியிலயா? அறுபது வயசுல எனக்கு முழுப் பூ கெடையாதா?" என்றார் மாமியார். அப்போது இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம் பூவில்லாத பட்டை போட்டுவிடலாமே என்றேன். ஒரு நொடியில் இரண்டு பேரும் ஒன்றாகிவிட்டார்கள். பட்டை போட்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமாம்.

மருமகள் உள்ளே போய்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் பலமாகக் கழுவினார். நான் காகிதத்தில் கல்லைத் திருப்பிப் போட்டும் நகர்த்திப் போட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமியார் எனக்கு ஒரு டம்ளர் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் காதோரமாகத் தீர்ப்புச் சொன்னார்.

"கால் பூ எம்பக்கம் வந்தா எனக்குக் கோவம் வரும், அவ பக்கம் வந்தா அவளுக்குக் கோவம் வரும். பேசாம அந்தச் சுவத்த நாலு இஞ்சு தள்ளிக் கட்டச் சொல்லும்மா."

உமி

அந்தக் காலத்தில் சாப்பாட்டுச் சாமான்களை வெளியே கொண்டுபோவதற்கு எவ்வளவு கெடுபிடி என்பது இருந்தவர்களுக்குத் தெரியும். காட்டுக்குள் இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று சாலைக்குச் சாலை நிறுத்திச் சோதனை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு கவளம் சோறு எடுத்துப் போக முடியாது. இந்த லட்சணத்தில் எங்கள் தவுக்கே கல் உடையாமல் இருக்கப் பெட்டிகளில் உமியைக் கொட்டி அடுக்குவார். மலிவு, மெத்தென்று இருக்கும். ஒருநாள் பெம்பான் போகிற வழியில் தடுப்புப் போட்டு லாரியை நிறுத்தினார்கள். ஒரு சார்ஜன், கூட ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள். சார்ஜன் மலாய்க்காரர், பெரிய மீசை. பெட்டிக்குள் கையை விட்டார். கை நிறைய உமி.

"உமி இங்க இருக்கு. அரிசி எங்க?" என்றார். தரைக்கல் என்றேன். கல்லுக்கு எதற்கு உமி என்றார். உடையாமல் இருக்க என்றேன். இவ்வளவு நல்ல காரணத்தை அவர் முன்பு கேட்டதில்லை போலிருக்கிறது, சந்தேகம் அதிகமாகிவிட்டது. பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கி உமியைச் சாலையோரம் கொட்டச் சொன்னார். பக்கத்து வீட்டிலிருந்து முறம் வந்தது. அந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒரு தோட்டத்துத் தமிழ் ஆள். துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, அரசாங்கச் சட்டையோடு, வெயிலில் நின்று உமியைப் புடைத்தார். "எங்க வீட்டுல தெரிஞ்சா தினமும் என்னையே பொடைக்கச் சொல்லிடுவாங்க தங்கச்சி," என்று என்னிடம் முணுமுணுத்தார். கடைசியில் ஒரு கைப்பிடிக்குக் குறைவாக நொய் தேறியது. சார்ஜன் அதைச் சாட்சியாக ஒரு காகிதத்தில் வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடத் திரும்பினார். அதற்குள் முறம் கொடுத்த வீட்டுக் கோழி வந்து சாட்சியை முழுசாக விழுங்கிவிட்டது.

சார்ஜன் வெகுநேரம் கோழியைப் பார்த்தார். கோழியைக் கைது செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று யோசிக்கிறார் என்றே நினைத்தேன். பிறகு தடுப்பைத் தூக்கச் சொல்லிவிட்டு சமாட் அபாங்கிடம் வந்தார்.

"அடுத்த தடவ வைக்கோல் போட்டுக் கட்டு. வைக்கோல் போட்டா மாடுதான் வரும், கேஸ் வராது."

நடுக் கல்

டுரியான் துங்கால் பக்கம் ஒரு தோட்டம். ஆங்காங்கே கிடந்த தொழிலாளர் லயங்களில் இருந்தவர்களையெல்லாம் அரசாங்கம் ஒரே முள்வேலிக்குள் கொண்டுவந்து குடிவைத்திருந்தது. அதனால் தோட்டத்தின் இரண்டு பிரிவான மேல் டிவிசன்காரர்களும் கீழ் டிவிசன்காரர்களும் ஒரே கோயிலைக் கும்பிட வேண்டியதாயிற்று. கோயில் மண்டபத்துக்குக் கல் போடலாம் என்று கூட்டம் கூட்டினார்கள். மேல் டிவிசன் பச்சை வேண்டும் என்றது, கீழ் டிவிசன் சிவப்பு வேண்டும் என்றது. முழுக்கச் சிவப்பாகப் போட்டால் போலீஸ் என்ன நினைக்கும் என்று தோட்டத்து ஆபீஸ் கிராணிக்கு வேறு பயம். மண்டபம் இருபதுக்குப் பதினெட்டு. எண்ணூற்றுப் பத்துக் கல். நான் எழுந்து, ஒரு பச்சை ஒரு சிவப்பு என்று மாற்றி மாற்றிப் போடலாம், ஆளுக்கு நானூற்றைந்து, சரிபாதி என்றேன். கைதட்டினார்கள். எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

கைதட்டல் ஓய்வதற்குள் கீழ் டிவிசனிலிருந்து ஒருவர் எழுந்தார். அகலத்தில் எத்தனை கல் வரும் என்றார். இருபத்தேழு என்றேன். அப்படியென்றால் சாமிக்கு நேர் எதிரே நடுவில் ஒற்றைக் கல் நிற்குமே, அது என்ன நிறம் என்றார். நியாயமான கேள்வி. இரட்டைப்படையாக வந்திருந்தால் நடுவில் கோடு போயிருக்கும், யாருக்கும் வருத்தமில்லை. இருபத்தேழில் பதினாலாவது கல் சாமியைப் பார்த்துக்கொண்டு தன்னந்தனியாக உட்காரும். இரண்டு பக்கமும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஆறு மணிக்கு வேலிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். நான் அதற்குள் வெளியே போயாக வேண்டும். அந்த ஒரு கல்லை மட்டும் வெள்ளையாகப் போடலாம் என்றேன். வெள்ளை யாருடைய நிறம் என்று அதற்கும் ஒரு சண்டை தொடங்கியது.

அதுவரை ஒரு மூலையில் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்த பூசாரி தலையை நிமிர்த்தினார்.

"அந்த எடத்துல எண்ணெயும் துன்னூறும் குங்குமமும் கொட்டிக் கொட்டி ரெண்டே மாசத்துல எல்லாம் ஒரே கலராத்தான் ஆவப்போவுது. எதையாச்சும் போட்டுத் தொலைங்கப்பா."

பாதையில் ஒரு கணக்கு

இதுவரை சொன்னதற்கெல்லாம் நீங்கள் சிரித்திருந்தால் நல்லது. இதற்கு நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. பெம்பானைத் தாண்டி ஒரு தோட்டத்து மருந்துக் கொட்டகைக்குக் கல் ஏற்றிக்கொண்டு காலையில் போனோம். இறக்குவதற்கு முன் ஒருமுறை அளவைச் சரிபார்க்க வேண்டும் என்று நானும் லாரியில் இருந்தேன். இரண்டு பக்கமும் ரப்பர் மரம். ஒரு வளைவில் திரும்பினால் சாலைக்குக் குறுக்கே மரம் கிடக்கிறது. சமாட் அபாங் காலை பிரேக்கில் வைப்பதற்குள் காட்டுக்காரர்கள் நான்கைந்து பேர் துப்பாக்கியோடு வந்துவிட்டார்கள். இறங்கு என்றார்கள். இறங்கினோம். பெட்டிகளை உடைத்துப் பார்த்தார்கள். அரிசி இல்லை, மருந்து இல்லை, வெறும் கல். அவர்களில் மூத்தவன் லாரியை எரிக்கச் சொன்னான். ஒருவன் எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திருக ஆரம்பித்தான். சமாட் அபாங் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறார் என்று தெரிந்தது.

அவர்களில் இருபது வயசு இருக்கும் ஒருவன் ஒரு கல்லை எடுத்துத் தடவிப் பார்த்தான். நீ யார் என்று என்னை மலாயில் கேட்டான். கல்லுக் கணக்குப் போடுகிறவள் என்றேன். "ஒரு கூடத்துக்கு எத்தன கல்லு வேணும்?" என்றான். விளையாடுகிறானா என்று பார்த்தேன், இல்லை. அளவு சொன்னால் சொல்கிறேன் என்றேன். பதினெட்டுக்குப் பதினாலு என்றான். நடுவில் இரண்டு தூண் என்றான். பிறகு, வீட்டுக்குள்ளேயே கிணறு என்றான், நாலுக்கு நாலு. தண்ணீர் இறைத்து இறைத்து மண் தரை எப்போதும் சகதி, அம்மா இரண்டு முறை வழுக்கி விழுந்துவிட்டாள் என்றான். ஒரு குச்சியை எடுத்துச் செம்மண்ணில் எழுதினேன். பதினெட்டுப் பதினாலு இருநூற்றைம்பத்திரண்டு. கிணற்றுக்குப் பதினாறு கழித்தால் இருநூற்று முப்பத்தாறு. இரண்டேகாலால் பெருக்கினால் ஐந்நூற்று முப்பத்தொன்று. தூணைக் கழிக்க வேண்டாம், வெட்டில் போய்விடும். பத்துக்கு ஒன்று கூட்டி ஐந்நூற்று எண்பத்துநாலு என்றேன். கூடுதல் எதற்கு என்றான். கல் உடையும் என்றேன். "எங்கம்மா ஒத்துக்க மாட்டா. ஒடஞ்சத ஒட்டவைன்னுவா," என்றான். மற்றவர்கள் சீனத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். மூத்தவன் மட்டும் சிரிக்கவில்லை. ஏதோ அதட்டினான். பையன் செம்மண்ணில் இருந்த கணக்கைக் காலால் அழித்தான். எண்ணெய்த் தொட்டியின் மூடியை மறுபடி திருகினார்கள். சமாட் அபாங்கின் சிகரெட்டையும் என் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு மரத்துக்குள் போய்விட்டார்கள். ஏன் எரிக்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதே கேள்வியைத்தான், அன்றைக்கே நடந்ததைச் சொல்லப் போன போலீஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டரும் கேட்டார். மற்ற லாரிகளையெல்லாம் எரிக்கிறவர்கள் இதை மட்டும் ஏன் விட்டார்கள்? நீங்கள் என்ன கொடுத்தீர்கள்? சமாட் அபாங்கை வேறு அறைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அந்த நாட்களில் சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் விசாரணைகூட இல்லாமல் உள்ளே போடலாம். அவருக்கு வீட்டில் நான்கு பிள்ளைகள். கல்லுக் கணக்குக் கேட்டார்கள் என்று நடந்ததைச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். "என்ன அறை? எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம்?" சொல்ல வாயைத் திறந்தவளுக்கு அந்த வீடு கண்ணில் வந்து நின்றது. கூடத்துக்குள் கிணறு, இரண்டு தூண். ஊர் ஊராகப் போய்த் தேடினால் அந்த வீட்டைக் கண்டுபிடிக்க எத்தனை நேரம் ஆகும்? சகதியில் விழுகிற அந்த அம்மாளை இழுத்துக்கொண்டு வந்து இதே நாற்காலியில் உட்காரவைப்பார்கள். "பத்துக்குப் பத்து. சாதாரண அறை," என்றேன். இன்ஸ்பெக்டர் நான் சொன்ன விதப்படி அவரே பெருக்கிப் பார்த்தார். இருநூற்று இருபத்தைந்து. சரியாகத்தான் இருந்தது. அடுத்த அறைக்குப் போனார். சமாட் அபாங் என்ன அளவு சொல்லப் போகிறாரோ! திரும்பி வந்தவர், போகலாம் என்றார். வாசலைத் தாண்டும்போது "நில்!" என்றார். திரும்பி நின்றேன். "என் வீட்டு வராந்தா பதினாலுக்கு ஆறு. எத்தனை வேணும்?" என்றார். நூற்று எண்பத்தொன்பது, உடைசலுக்குப் பத்தொன்பது என்று நின்ற இடத்திலேயே சொன்னேன்.

லாரி ஏறினோம். பிறகு, உங்களிடம் அளவு கேட்டாரா என்று நான்தான் கேட்டேன். சமாட் அபாங் சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பதில் சொன்னார்.

"கேட்டாருலா. எனக்குக் கணக்கு வராதுன்னேன், அத நம்பிட்டாரு. கிணறு வருமான்னு அவரு கேக்கல, நானும் சொல்லல."

பெண் பார்த்த கதை

குருபோங் பக்கமிருந்து ஒரு குடும்பம் என்னைப் பெண் பார்க்க வந்தது. அப்போது அந்தப் பக்கம் வீடுகளே குறைவு. மாப்பிள்ளைக்குத் தோட்டத்தில் ஆபீஸ் வேலை. மாப்பிள்ளையின் அப்பா புதிதாக வீடு கட்டிக்கொண்டிருந்தார். நான் பலகாரத் தட்டை வைத்துவிட்டு நிமிர்வதற்குள், பெண் என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டார். அப்பா சொன்னார். அவ்வளவுதான், மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கூடம் எத்தனை, அறை எத்தனை, கால் வைக்கிற படி எத்தனை என்று சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். எனக்குப் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று அம்மா சொல்லி வைத்திருந்த பதில்களெல்லாம் வீணாயின. தலையைக் குனிந்துகொண்டே, பட்டுப் புடவையோடு, ஒவ்வொரு அறைக்கும் கல் எத்தனை என்று சொன்னேன். மாப்பிள்ளை கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர் முகம்கூடச் சரியாக நினைவில்லை. அவர் வீட்டுச் சமையலறை ஒன்பதுக்கு எட்டு என்பது நினைவிருக்கிறது.

போய் எழுதுகிறோம் என்று சொல்லிப் போனார்கள். எழுதவில்லை. கல்லை வேறு கடையில் வாங்கிக்கொண்டார்கள், பெண்ணையும் வேறு வீட்டில் பார்த்துக்கொண்டார்கள். செய்தி வந்த அன்று அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். அப்பாதான் ஈசிசேரில் சாய்ந்தபடி சொன்னார்.

"விடும்மா. அந்த மாப்பிள்ள வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசல. நீயாச்சும் அவங்க அப்பாகிட்ட நல்லாப் பேசுன."

மலாக்காவில் இத்தனை வீடுகளின் தரைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன், எங்கள் வீட்டுத் தரை மட்டும் கடைசி வரை வெறும் சிமெண்டுப் பூச்சாகவே இருந்தது. ஏனென்று கேட்டவர்களிடமெல்லாம், இதுதான் துடைக்கச் சுலபம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.